வெறும் வயிறு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். வாயில்லாதவளைக் கிளினிக் பெஞ்சில் யார் மதிக்கிறார்கள்? என் தம்பி ரூபனின் பெண்டாட்டி பூவிழியை மாதச் சோதனைக்குக் கூட்டிக்கொண்டு அலைந்தவள் நான்தான். புதன்கிழமை மட்டும் காலை ஆறரைக்குத் தோட்டத்து லோரி கீழே இறங்கும். அதை விட்டால் அடுத்த புதன். கிளினிக்கில் இரண்டு மிஸ்ஸிகள், அதாவது நர்ஸ்கள், இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒருத்தி, நவமணி மிஸ்ஸி. இன்னொரு நாற்காலி இரண்டு வருடமாகக் காலி. டாக்டர் என்று ஒருவர் வாரத்துக்கு ஒரு நாள் வருவார். போன மாதம் வந்தவர் இந்த மாதம் வரமாட்டார். ஆறு டாக்டரைப் பார்த்துவிட்டோம், ஒருவர் முகமாவது நினைவில் நின்றதா என்றால் இல்லை.

பூவிழிக்கு முதல் கரு மூன்றாம் மாதமே கலைந்துவிட்டது. அதற்கப்புறம் இரண்டு வருடம் ஒன்றும் இல்லை. லயத்து வீடுகளில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். பேசியவர்களுக்கெல்லாம் நான் கொடுத்தது வேறு கதை. அப்புறம் இது தங்கியது. ரூபனுக்குப் பத்து வயதில் எங்கள் அம்மா போய்விட்டாள், அவனை வளர்த்து ஆளாக்கியவள் நான். எனக்கென்று பிள்ளை இல்லை. ஆயக்கொட்டகையில் ஊரார் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்தே நாற்பத்தேழு வயதாகிவிட்டது. இந்த ஒரு பிள்ளை நல்லபடியாக வெளியே வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

பூவிழி பீடோர் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துப் பெண். எஸ்.பி.எம். பரீட்சை வரை படித்தவள். மலாய் என்னைவிட நன்றாகவே பேசுவாள். ஆனால் பேச வேண்டுமே! ஏதாவது கேட்டால் முதலில் யோசிப்பாள், பிறகு தொண்டையைச் செருமுவாள், அதற்குள் மிஸ்ஸி அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிடுவாள். அதனால் கேட்கிற கேள்விக்கெல்லாம் நான்தான் பதில் சொல்வேன். வாந்தி இருக்கா? இருக்கு. பிள்ளை அசையுதா? அசையுது. சத்து மாத்திரை போடுறாளா? போடுறா. சட்சட்டென்று முடிந்துவிடும். நாங்கள் நாலு நிமிடத்தில் வெளியே வந்துவிடுவோம்.

ஆறாம் மாதம் மிஸ்ஸி தலையைத் தூக்காமலே சொன்னாள்:

“அடுத்த புதன் சீனி டெஸ்டு. ராத்திரி பத்து மணிக்கு மேல சாப்பிடக் கூடாது. காலையில பசியாறாம வரணும்.”

“சரி மிஸ்ஸி” என்றேன் நான்.

அந்தப் புதன் காலை ஐந்து மணிக்கு எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தேன். வெளியே பனி. எதிர் லயம் கண்ணுக்குத் தெரியவில்லை. இந்த மலையில் தேத்தண்ணி குடிக்காமல் எவனும் வாசற்படி தாண்டமாட்டான். காவடிக்கு விரதம் இருக்கிறவன்கூடத் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் வேலைக்காட்டுக்குப் போவான். பசியாறுவது அதற்கப்புறம் ஒன்பது மணிக்கு. இரண்டு கரண்டி சீனி, தாராளமாக டின்பால், நுரை பொங்க ஆற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பூவிழி கப்பைக் கையில் வைத்துக்கொண்டு, “இதைக் குடிக்கலாமா அண்ணி?” என்றாள்.

“ஏன்டி, தேத்தண்ணி என்ன சாப்பாடா? வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு இந்தக் குளிர்ல சும்மா லோரி ஏறுவியா? குடி லா!”

குடித்தாள்.

கிளினிக்கில் மிஸ்ஸி ஊசியை எடுத்துக்கொண்டே, “பசியாறலையே?” என்று கேட்டாள்.

“ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டது மிஸ்ஸி. அதுக்கப்புறம் பல்லுல பச்சத்தண்ணி படல” என்றேன். அது என் பேச்சு வழக்கு. நான் சும்மா ஒரு வார்த்தை சொல்லமாட்டேன், சொன்னால் ஜோடித்துத்தான் சொல்வேன். பூவிழி என்னைத் திரும்பிப் பார்த்தாள். மிஸ்ஸி கட்டத்தில் டிக் அடித்தாள். ரத்தம் எடுத்தாள், ஒரு கப் சீனித்தண்ணி குடிக்க வைத்தாள், இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தாள்.

மத்தியானம் முடிவு வந்தது. இனிப்பு நீர், அந்தச் சர்க்கரை வியாதிதான். பூவிழியின் பிங்க் கர்ப்பப் புத்தகத்தில், கவனம் தேவை என்று மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அன்றைய டாக்டர் கணினியைப் பார்த்தே பேசினார், கணினியைப் பார்த்தே எழுதினார், கணினிக்கே தலையாட்டினார். எதிரில் ஒருத்தி வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியுமோ தெரியாதோ. எழுந்து வரும்போது ஒரு தாளை நீட்டினார்கள். அதில் ஓட்ஸ், அவித்த மீன், புரோக்கோலி, ஆப்பிள் என்று கலர் கலராகப் படம். தோட்டத்துக் கடையில் இருப்பது கருவாடும் உருளைக்கிழங்கும். நான் எந்த ஆப்பிளை எங்கே போய்ப் பறிப்பது?

ஆனாலும் விட்டேனா? சோற்றை அரைக் கப்பாகக் குறைத்தேன். உருளைக்கிழங்கை நிறுத்தினேன். பூவிழிக்கு ரொம்பப் பிடித்த வாழைப்பழக் கேக்கைக் கண்ணில் காட்டவில்லை. ரூபன் ஒரு நாள் ரிங்லெட் டவுனிலிருந்து அவளுக்குப் பலகாரம் வாங்கி வந்தான். அவனை வாசலிலேயே நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். தேத்தண்ணியில் சீனி போடுவதை அன்றே நிறுத்திவிட்டேன். வெறுமனே கசப்பாக இருக்குமே என்று டின்பாலை மட்டும் கொஞ்சம் கூட்டி ஊற்றினேன். பால்தானே, பிள்ளைக்கு எலும்பு பிடிக்கும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை விரலில் குத்திப் பார்ப்பார்கள். காலையில் போனதும் ஒன்று, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் கிளம்புவதற்குள் இன்னொன்று. காலையில் பார்த்தால் சீனி கூட இருக்கும். மத்தியானம் சரியாகிவிடும். மறுபடி அடுத்த முறை காலையில் கூட. இது ஏன் இப்படி என்று ஒரு டாக்டராவது கேட்க வேண்டுமே! ஒருவர் எழுதியதை அடுத்தவர் படித்தாரா என்பதே சந்தேகம். ஐந்தாவது டாக்டர் வந்தார், ராத்திரி பத்து மணிக்குத் தொடையில் போட்டுக்கொள்ள இன்சுலின் ஊசி எழுதினார். ஆறு அளவு. அடுத்தவர் வந்தார், இன்னும் இறங்கவில்லையே என்று எட்டு ஆக்கினார். அப்புறம் அவரே பத்து. ஏலம் விடுவதுபோல ஏற்றிக்கொண்டே போனார்கள்.

பூவிழியின் கன்னம் ஒட்டிப்போனது. விடியற்காலையில் வேர்த்து விறுவிறுத்து எழுந்து உட்கார்ந்துவிடுவாள், கை நடுங்கும். நான் தேத்தண்ணி கொடுத்ததும் கொஞ்சம் தெளிவாள். பார்த்தாயா, என் கைத் தேத்தண்ணி உள்ளே போனால்தான் இவளுக்கு உயிரே வருகிறது என்று எனக்கு அதில் ஒரு பெருமை.

முப்பதாவது வாரம் மிஸ்ஸி டேப்பை வைத்து வயிற்றை அளந்தாள். முகத்தைச் சுளித்தாள்.

“பிள்ளை சின்னதா இருக்கே. வயித்துக்குச் சாப்பிடறதே இல்லையா? இப்படிக் காஞ்சு போயிருக்கா?”

பூவிழி வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன். “நீங்கதான மிஸ்ஸி சாப்பிடக் கூடாதுன்னு தாள் குடுத்தீங்க!”

அதே மேசையின் அடுத்த பக்கம் இருந்த டாக்டர், “காலைச் சீனி இன்னும் கூட. சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லுங்க” என்று மலாயில் சொன்னார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ ஆத்திரம். “ஒரே மேசையில ஒருத்தர் தின்னுங்கறீங்க, ஒருத்தர் தின்னாதங்கறீங்க. நாங்க எவர் பேச்சக் கேக்கறது? ரெண்டு பேரும் வெளிய போயி முதல்ல பேசி முடிவு பண்ணிட்டு வாங்க!”

பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நவமணி மிஸ்ஸி பேனாவைக் கீழே வைத்தாள். அவளுக்கும் கண்ணைச் சுற்றிக் கருவளையம்.

“திலகாக்கா, எங்கிட்ட கத்தாதீங்க. நான் ஒருத்தி. வெளிய நாப்பத்திரண்டு பேர் உக்காந்திருக்காங்க. பிள்ளைங்களுக்குத் தடுப்பூசி வேற போடணும். புக்கைப் பாருங்க, ஒரு கட்டம் விட்டிருக்கேனா?”

பார்த்தேன். உண்மைதான். எடை, அழுத்தம், மூத்திரம், ரத்தம், எல்லாக் கட்டத்திலும் எண் இருந்தது, கையெழுத்து இருந்தது. ஒரு கட்டம் காலியில்லை. பூவிழிதான் வாரத்துக்கு வாரம் தேய்ந்துகொண்டிருந்தாள். அந்தப் புத்தகத்தைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம்போல இருந்தது எனக்கு.

முப்பத்துநாலாவது வாரம். புதன்கிழமை. ஐந்து மணிக்கு எப்போதும்போல் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு, ஆயக்கொட்டகைச் சாவியைப் பக்கத்து லயத்தில் கொடுக்கப் போனேன். திரும்பி வந்து இருவரும் லோரிக்கு நடந்தோம். பூவிழி ஒன்றும் பேசவில்லை, அவள் என்றைக்குப் பேசினாள்? லோரி நிற்கிற இடத்தில் பார்க்கிறேன், ஆளுக்கு இரண்டு சுவெட்டர் போட்டு நடுங்குகிற குளிரில் இவள் நெற்றியில் வேர்வை சொட்டுகிறது. “பூவிழி” என்றேன். என்னைப் பார்த்து, யாரோ தெரியாதவளைப் பார்ப்பதுபோல் விழித்தாள். அப்படியே சாய்ந்துவிட்டாள்.

“ஐயோ முருகா!” என்று நான் போட்ட சத்தத்தில் மேல் லயம் வரைக்கும் கதவு திறந்தது.

லோரி ஓட்டுகிற விஜயன் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. “ஆம்புலன்ஸ் மேல ஏறி வர்றதுக்குள்ள நாம தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கே போயிரலாங்க்கா. தூக்குங்க.” முன் சீட்டில் அவளை என் மடியில் கிடத்திக்கொண்டேன். அந்த வளைவுகளை அவன் எப்படி ஓட்டினான் என்று எனக்குத் தெரியாது. நான் அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தேன். வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். அசைகிறதா, லோரி குலுங்குகிறதா என்று புரியவில்லை. இந்த ஒன்றையாவது விட்டு வை, இதையும் எடுத்துக்கொண்டால் உன் கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று முருகனிடமே சண்டை போட்டேன்.

ஆஸ்பத்திரியில் கட்டிலில் போட்டு உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். விரலில் குத்திப் பார்த்த பையன், “சீனி ரெண்டுதான் இருக்கு, நாலாச்சும் இருக்கணும்” என்று கத்தியது காதில் விழுந்தது. கதவு சாத்திக்கொண்டது. அரை மணி கழித்து ஒருத்தி வந்து, கண் விழித்துவிட்டாள், பிள்ளைக்கு நெஞ்சு துடிப்பு இருக்கிறது, பிரசவ வார்டுக்குக் கொண்டுபோகிறோம் என்றாள். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வார்டு வாசலில் காவலுக்கு நின்ற ஜாகா என்னைத் தடுத்தான். சட்டையில் ஆண்டியப்பன் என்று பெயர் இருந்தது.

“ஒரு மணிக்குத்தான் உள்ள விடுவாங்கக்கா.”

“இப்ப எட்டு மணியா இருக்கு!”

“அதான் சொல்றேன், ஒரு மணிக்கு வாங்க.”

“அட, புரியாத மனுசனா இருக்கியே! அவளுக்குப் பேசத் தெரியாதுய்யா. டாக்டர் ஏதாச்சும் கேட்டா யாரு பதில் சொல்றது? நான் உள்ள இருந்தே ஆகணும்!”

“ஏன், அவங்களுக்கு வாய் இல்லையா?” என்றான் அவன், வெகு சாதாரணமாக.

அவனை நான் என்னென்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. மலை மேல் தேயிலை வெட்டு மெஷினோடு நின்றிருந்த ரூபனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி, அவனையும் திட்டினேன். வண்டி கிடைத்ததும் இறங்கி வருகிறேன் என்றான். ஐந்து மணி நேரம் அந்த வாசலில் நடந்தேன். உள்ளே போனதும் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். ஆறு டாக்டர் சேர்ந்து ஒரு பெண்ணைப் பட்டினி போட்டு, ஊசி போட்டுச் சாய்த்தார்களே, இன்றைக்கு யாராவது ஒருவர் எனக்குப் பதில் சொல்லியே தீர வேண்டும் என்று.

ஒரு மணிக்கு உள்ளே போனேன். பூவிழி சாய்ந்து உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தாள். தட்டு நிறையச் சோறு. பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு ஒரு சின்ன டாக்டர் பெண் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் எலைன். டாக்டர் உட்கார்ந்து பேசி நான் அதுவரை பார்த்ததில்லை.

“இங்க பாருங்க டாக்டர்” என்று ஆரம்பித்தேன்.

“நீங்கதான் திலகா அண்ணியா?” என்றாள் அவள். “காலையில அஞ்சு மணிக்குத் தேத்தண்ணி போட்டுக் குடுக்கறது நீங்கதானே?”

“ஆமா. ஒரு நாளு தவறினதில்ல.”

“சீனி டெஸ்டு அன்னைக்கு?”

“அன்னைக்கும் குடுத்தேன். குடுக்காம எப்படி அந்தக் குளிர்ல...”

“விரல்ல குத்திப் பாக்கற அன்னைக்கெல்லாம்?”

“எல்லா அன்னைக்கும்தான்” என்று சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது. ஏன் கேட்கிறாள் என்று அப்போதுதான் பொறி தட்டியது.

அவள் கோபப்படவில்லை. பொறுமையாகச் சொன்னாள். டின்பால் பாதிக்கு மேல் சீனிதானாம். வெறும் வயிறு என்று நினைத்து அவர்கள் அளந்ததெல்லாம் நான் ஊற்றிய பாலைத்தான். அதற்குத்தான் ஊசி போட்டிருக்கிறார்கள். ஊசி ராத்திரியெல்லாம் சீனியை இறக்கியிருக்கிறது, காலையில் என் தேத்தண்ணி ஏற்றியிருக்கிறது. நிச்சயமாகச் சொல்ல இரண்டு நாள் இங்கே வைத்து ஒழுங்காகப் பார்க்க வேண்டும், ஆனால் இவளுக்கு இனிப்பு நீர் இருப்பதாகத் தனக்குத் தோன்றவில்லை என்றாள். பிள்ளை சின்னதாகத்தான் இருக்கிறது. இனி வயிறாரச் சாப்பிட வேண்டும்.

“இன்னைக்கும்தான குடுத்தேன்? அப்புறம் எப்படி மயங்குனா?”

பூவிழி தட்டைக் கீழே வைத்தாள்.

“இன்னைக்கு நான் குடிக்கல அண்ணி. நீங்க சாவி குடுக்கப் போனதும் ரோசாச் செடிக்கு ஊத்திட்டேன்.”

“ஏண்டி?”

“ஒரு நாளாச்சும் நிஜமாவே வெறும் வயித்துல பாக்கட்டும்னுதான். குடிக்கலாமான்னு மொத நாளே உங்கள கேட்டேன். அப்புறமும் ரெண்டு தடவ கேட்டேன். தேத்தண்ணி சாப்பாடான்னீங்க. சரி, மிஸ்ஸிகிட்ட சொல்லலாம்னு ஒவ்வொரு தடவையும் வாயத் தொறப்பேன். அதுக்குள்ள நீங்க பதில் சொல்லி முடிச்சிருப்பீங்க.” அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆனால் நிறுத்தவில்லை. “ரெண்டு மாசமாப் பசி அண்ணி. ராத்திரியெல்லாம் பசி. மிஸ்ஸி கேக்கறதும் உங்களத்தான், டாக்டர் கேக்கறதும் உங்களத்தான். வயிறு என்னோடது. இன்னைக்குத்தான் ஒருத்தர் என்னைக் கேட்டாங்க.”

அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் என் கையால் ஆற்றிக் கொடுத்த அந்தக் கப்புதான் எமனாகியிருக்கும். என் வாயைக் கிழித்துப் போட்டால் என்ன என்று இருந்தது. அதே சமயம், இத்தனை பேர் படித்துவிட்டு வந்து உட்கார்ந்து, காலையில் என்னம்மா குடித்தாய் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லையே என்ற ஆத்திரமும் அடங்கவில்லை. இரண்டும் சேர்ந்து வந்ததில் ஓவென்று அழுதுவிட்டேன். பூவிழி என்னைத் தேற்றவில்லை. தட்டை எடுத்து மறுபடி சாப்பிட ஆரம்பித்தாள்.

இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். காலைச் சீனி நாலு சொச்சம், சரியான அளவு. ஊசியை நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த புதன் கிளினிக்கில் நம்பரைக் கூப்பிட்டதும் பழக்கத்தில் நானும் எழுந்தேன். பூவிழி என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டு, “நீங்க உக்காருங்க அண்ணி” என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாலு நிமிடம் ஆனது, பத்து நிமிடம் ஆனது. எனக்கு நாக்கு அரித்தது. ஒட்டுக் கேட்கலாமா என்றுகூட யோசித்தேன், வெட்கமில்லாமல்.

கால் மணி கழித்துத்தான் வெளியே வந்தாள். “டேப்புல ரெண்டு சென்டி ஏறியிருக்கு” என்று மட்டும் சொன்னாள். அவள் முகத்தில் லேசாகச் சிரிப்பு. நான் கும்பிட்டேன், யாரை என்று தெரியாமல்.

அப்போதுதான் பக்கத்தில் பார்த்தேன். எங்கள் கீழ் லயத்துச் சரோஜாவும் அவள் மருமகளும். அந்தப் பெண்ணுக்கு ஆறு மாதம் இருக்கும். முழங்கையில் பஞ்சு ஒட்டியிருந்தது, அப்போதுதான் முதல் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். அடுத்த ரத்தத்துக்காகச் சீனித்தண்ணி கப்பைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்கலாமா என்று தயங்கிக்கொண்டிருந்தாள்.

“காலையில எழுந்து என்னம்மா குடிச்ச?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் சாப்பிடல, திலகா. ராத்திரி ஒம்பது மணிக்குச் சாப்பிட்டதுதான்” என்றாள் சரோஜா.

“ஒன்னைக் கேக்கல சரோஜா. அவளக் கேட்டேன்.”

சரோஜாவுக்குச் சுருக்கென்றது. அந்தப் பெண் மாமியாரைப் பார்த்தாள். பூவிழியைப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டு, “ரெண்டு கப்பு தேத்தண்ணி” என்றாள். “அத்தைதான் குடுத்தாங்க.”

“மிஸ்ஸி! அந்த ரத்தத்த அனுப்பிராதீங்க!” என்று கத்திக்கொண்டே நான் கதவைத் தள்ளினேன்.